நஹ்ல், நம்ல், ஸுன்பூர்: மூன்று பூச்சிகளும் அரபு இலக்கணமும்

தேனீயையும் குளவியையும் எறும்பையும் ஓரினமாகச் சேர்த்து எண்ணும் வழக்கம் நம் அன்றாடப் பேச்சில் இல்லை. தேனீ தேன் தருவது, குளவி கொட்டுவது, எறும்பு சர்க்கரைப் பாத்திரத்தில் ஏறுவது. பயனையும் தொல்லையையும் கொண்டே நாம் அவற்றைப் பிரித்தறிகிறோம். உயிரியலாரோ மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து 'ஹைமனோப்டெரா' என்று பெயரிட்டுள்ளனர். சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் தம் இயற்கை ஒழுங்கு பற்றிய நூலின் பத்தாம் பதிப்பை 1758-இல் வெளியிட்டபோது பூச்சிகளை ஏழு வரிசைகளாக வகுத்தார். அவற்றுள் ஒன்று இது. கிரேக்க மொழியில் 'ஹைமன்' என்றால் சவ்வு. 'ப்தெரோன்' என்றால் சிறகு. சவ்வு போன்ற நான்கு சிறகுகளை உடையவை என்பது பெயரின் பொருள். இன்றைய அரபு அறிவியல் நூல்கள் இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'கிஷாஇய்யாத்துல் அஜ்னிஹா' என்கின்றன.

இவ்வரிசையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. முன்சிறகையும் பின்சிறகையும் பறக்கும்போது பிணைத்து வைக்கும் நுண்ணிய கொக்கிகள் இவற்றுக்கு உண்டு. பெரும்பாலானவற்றுக்கு இடை மிக ஒடுங்கியது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆண் எறும்புக்கும் அரசி எறும்புக்கும் சிறகு இருப்பதைக் கண்டவர்களுக்கு எறும்பு இவ்வரிசையில் வந்த காரணம் விளங்கும். (மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசலைச் சிறகு முளைத்த எறும்பென்று பலர் எண்ணுகின்றனர். அது கறையான். கறையான் இவ்வரிசையைச் சேர்ந்ததன்று; கரப்பானுக்கே நெருங்கியது. ஆங்கிலேயர் அதை வெள்ளை எறும்பு என்று அழைத்தது பிழை. அரபியர் 'நம்ல்' என்றும் 'அரளா' என்றும் இரு தனிப்பெயர்களால் அவற்றை முன்பே பிரித்தறிந்திருந்தனர்.)

லின்னேயஸ் இவ்வரிசைக்குத் தந்த இலக்கணத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. இவற்றின் வாலில் கொடுக்கு உண்டு, ஆண்களைத் தவிர என்பது அது. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பின் மாறிய வடிவம். ஆகவே ஆண் தேனீயோ ஆண் குளவியோ கொட்டுவதில்லை. இந்த ஆண் பெண் விவகாரம் இக்கட்டுரையில் மீண்டும் மீண்டும் வரப்போவதால் வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அரபு மொழி கற்பிக்கும் எனக்கு இவ்வரிசையின் மீது தனி ஈடுபாடு உண்டாகக் காரணம் வேறு. தேனீ, எறும்பு, குளவி ஆகிய மூன்றும் உயிரியலில் ஒன்றாக வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு இலக்கணத்தில் மூன்று பெரும் விவாதங்களுக்குக் காரணமாகியிருந்தன. அவற்றுள் இரண்டு அல்குர்ஆனின் சொல்லமைப்பைப் பற்றியவை. இன்று நம் மேடைகளில் பேசப்படும் ஒரு வாதத்துக்கு அவ்விரண்டும் நேரடியாக விடை சொல்கின்றன. அதை எழுதத்தான் முனைந்தேன். ஆனாலும் குளவியைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை.

குளவிக்கு அரபியில் 'ஸுன்பூர்'. 'அல்மஸ்அலத்துஸ் ஸுன்பூரிய்யா', அதாவது குளவிப் பிரச்சினை, என்றால் நஹ்வு படித்தோர் அறிவர். அப்பாஸிய ஆட்சியில் அமைச்சராயிருந்த யஹ்யா பின் காலித் அல்பர்மகீயின் அவையில், பஸராவிலிருந்து வந்த சீபவைஹியும் கூஃபா மரபின் தலைவரும் கலீஃபாவின் மக்களுக்கு ஆசிரியருமான கிஸாயீயும் மோதினர். தேளின் கொட்டு குளவியின் கொட்டைவிடக் கடுமையானது என்று எண்ணியிருந்தேன், பார்த்தால் இதுவும் அதுவே என்ற பொருளில் ஒரு வாக்கியம் தரப்பட்டது. அதன் இறுதியில் 'ஹிய' என்று எழுவாய் வடிவில் வரவேண்டுமா, 'இய்யாஹா' என்று செயப்படுபொருள் வடிவிலும் வரலாமா என்பது வினா. முதல் வடிவம் மட்டுமே சரி என்றார் சீபவைஹி. இரண்டும் சரி என்றார் கிஸாயீ. வாயிலில் காத்திருந்த பாலைவன அரபியர் நடுவர்களாக அழைக்கப்பட்டனர். அவர்கள் கிஸாயீயின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களது தீர்ப்பில் அரசவைச் செல்வாக்குக்குப் பங்கிருந்தது என்று பஸராவினர் பிற்காலத்தில் குறை கூறினர். சீபவைஹிக்குப் பத்தாயிரம் திர்ஹம் கொடுத்து அனுப்பப்பட்டது. அவர் பாரசீகத்துக்குத் திரும்பி, அந்த மனவருத்தத்திலேயே இளவயதில் இறந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இப்னுல் அன்பாரீயின் 'அல்இன்ஸாஃப்', இப்னு ஹிஷாமின் 'முக்னில் லபீப்' ஆகியன இவ்வழக்கை விரிவாக ஆராய்கின்றன. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பானதையும் அவர்களின் கை வெண்மையாய் ஒளிர்ந்ததையும் கூறும் இடங்களில் அல்குர்ஆனின் நடை சீபவைஹியின் பக்கமே நிற்கிறது. அவையில் தோற்றவர் பாடநூல்களில் வென்றார். கூட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதும் மொழியின் உண்மை எது என்பதும் வெவ்வேறு என்பதற்காக இதை மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

இனி எறும்புக்கு வருவோம்.

சூரத்துந் நம்லில் ஸுலைமான் (அலை) அவர்களின் படை எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்குகிறது. ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரித்து அவர்களின் இருப்பிடங்களுக்குள் நுழைந்துகொள்ளச் சொல்கிறது. அந்த வசனத்தில் (27:18) எறும்பு கூறியது என்பதற்கு 'காலத்' என்ற பெண்பால் வினை வந்துள்ளது. இதைப் பற்றி ஸமக்ஷரீ (இறப்பு ஹிஜ்ரி 538) தம் 'கஷ்ஷாஃபில்' ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். பஸராவின் பேரறிஞர் கதாதா கூஃபாவுக்கு வந்தார். மக்கள் சூழ்ந்துகொண்டனர். விரும்பியதையெல்லாம் கேளுங்கள் என்றார் அவர். இளம் பருவத்தினராய் அங்கிருந்த அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், ஸுலைமான் நபியின் எறும்பு ஆணா பெண்ணா என்று அவரிடம் கேட்கும்படி மக்களைத் தூண்டினார்கள். கதாதாவுக்கு விடை வரவில்லை. பெண் என்று அபூஹனீஃபாவே கூறினார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அல்லாஹ்வின் வேதத்தில் 'காலத்' என்றிருக்கிறது, ஆணாயிருந்தால் 'கால' என்றிருக்கும் என்றார்கள்.

கேட்போரை மகிழ்விக்கும் நிகழ்ச்சி இது. நம் மத்ரஸாக்களில் இமாமவர்களின் கூர்மைக்குச் சான்றாக இதைச் சொல்லாத உஸ்தாத் இருக்க முடியாது. நானும் அப்படியே கேட்டேன், அப்படியே சொன்னேன். பின்னர்தான், இந்நிகழ்ச்சியைப் பிற்கால அறிஞர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று தேடிப் படித்தேன்.

சிக்கல் 'நம்லா' என்ற சொல்லின் இறுதியில் உள்ள 'தா'வில் இருக்கிறது. அது பெண்பாலைக் காட்டும் தா அன்று. ஒருமையைக் காட்டும் தா. 'நம்ல்' என்பது எறும்பினம். 'நம்லா' என்பது அதில் ஒன்று. 'ஹமாம்' புறா இனம்; 'ஹமாமா' ஒரு புறா, ஆணாயினும் பெண்ணாயினும். சொல்லின் வடிவம் பெண்பாலாயிருப்பதால் வினையும் பெண்பாலாகிறது. உயிரின் பாலை அது தெரிவிப்பதில்லை. நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் 'காஃபியா'வின் ஆசிரியர் இப்னுல் ஹாஜிப் (இறப்பு ஹிஜ்ரி 646), வினையில் தா வந்திருப்பதைக் கொண்டு அந்த எறும்பு பெண் என்று கூறுவது தவறான எண்ணம், அது உண்மையில் ஆணாகவும் இருக்கலாம் என்று எழுதினார். கஷ்ஷாஃபுக்கு மறுப்புரை எழுதிய இப்னுல் முனய்யிர் (இறப்பு ஹிஜ்ரி 683) இன்னும் கடுமையானவர். ஸமக்ஷரீயைக் குறித்து வியப்பதா, அபூஹனீஃபா அவர்கள் இப்படிச் சொன்னது உண்மையாயின் அவர்களைக் குறித்து வியப்பதா என்று தெரியவில்லை என்னும் கருத்தில் எழுதினார். கதையின் அறிவிப்பிலேயே அவருக்கு ஐயம் இருந்தது.

இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்தது கர்நாதாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அபூஹய்யானின் (ஹிஜ்ரி 654-745) கருத்து. 'அல்பஹ்ருல் முஹீத்' எனும் தம் விரிவுரையில் அவர் கதையை மறுக்கவில்லை, தலைகீழாகப் புரட்டுகிறார். கதாதா அரபு மொழியில் தேர்ந்தவர். அவர் வாயடைத்து நின்றதே அவருடைய மொழியறிவுக்குச் சான்று. ஆணானாலும் பெண்ணானாலும் எறும்புக்குப் பெண்பால் வினையே வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்; ஆகவே வசனத்தின் சொற்களிலிருந்து இக்கேள்விக்கு விடை எடுக்க இயலாது என்பதையும் அறிந்திருந்தார். அபூஹய்யான் கூறுவது இதுதான். அறியாமையின் மௌனம் என்று அறுநூறு ஆண்டுகளாக நாம் சிரித்த மௌனத்தை அறிவின் மௌனமாக அவர் காட்டிவிட்டார்.

இமாமவர்களின் மீதுள்ள மரியாதை இதனால் குறைவதில்லை. இந்நிகழ்ச்சி அவர்களின் இளமைப் பருவத்தது என்று கதையே கூறுகிறது. ஸமக்ஷரீயும் 'நம்லா' இருபாலுக்கும் பொதுவான சொல் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இமாமவர்களின் முடிவுக்கு நியாயம் கற்பித்தார். இரண்டு பக்கமும் வாதம் உண்டு. உயிரியலைக் கேட்டால் அவர்களின் விடையே சரியாக வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். புற்றுக்கு வெளியே உணவு தேடி அலையும் எறும்புகள் யாவும் பெண்களே. ஆண் எறும்பு சிறகோடு தோன்றி, கூடிப் பறக்கும் ஒரு பயணத்துக்குப் பின் மடிகிறது. எறும்புக்குச் சிறகு முளைப்பது அதன் அழிவுக்கே என்ற அரபுப் பழமொழி ஆணைப் பொறுத்தவரை அப்படியே பொருந்தும். ஆனால் இந்த அறிவு 'காலத்' என்ற சொல்லிலிருந்து எவருக்கும் கிடைக்கவில்லை. லின்னேயஸ் காலத்திலும் வேலைக்கார எறும்புகளைப் பால் அற்றவை என்றே கருதினர். விடை சரி என்பதனால் வழியும் சரியாகிவிடாது. கணக்குப் பாடத்தில் இதை ஏற்றுக்கொள்ளும் நாம் மேடையில் ஏன் மறந்துவிடுகிறோம்?

மேடை என்று சொன்னேன். அதற்குத் தேனீயே காரணம்.

சூரத்துந் நஹ்லின் 68, 69ஆம் வசனங்களில் அல்லாஹ் தேனீக்கு வஹீ அறிவித்ததாகவும், மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் வீடு அமைத்துக்கொள்ளும்படியும், கனிகளிலிருந்து உண்ணும்படியும், தன் இறைவனின் பாதைகளில் செல்லும்படியும் கட்டளையிட்டதாகவும் வருகிறது. 'இத்தகிதீ', 'குலீ', 'உஸ்லுகீ' ஆகிய மூன்று ஏவல் வினைகளும் பெண்பால் ஒருமையில் உள்ளன. இதைக் கொண்டு, கூடு கட்டுவதும் தேன் சேர்ப்பதும் பெண் தேனீயே என்ற உண்மையை அறிவியல் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அல்குர்ஆன் அறிவித்துவிட்டது என்று சிறு நூல்களும் சொற்பொழிவுகளும் கூறிவருகின்றன. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜும்ஆவில் நானும் இதை உரத்த குரலில் பேசினேன். மக்கள் மகிழ்ந்தனர். எனக்கும் மகிழ்ச்சியாயிருந்தது.

அதைக் கலைத்தவர் ஒரு மாணவர். தஃப்ஸீர் வகுப்பில் இவ்வசனம் வந்தபோது நான் அதே விளக்கத்தைக் கூறினேன். அவர் எழுந்து, "ஹஜ்ரத், நூஹ் நபியின் கூட்டத்தார் பொய்ப்பித்தார்கள் என்னுமிடத்தில் 'கத்தபத்' என்று பெண்பாலில் வருகிறதே, அவர்கள் எல்லாரும் பெண்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. நஹ்வில் நானே அவருக்குக் கற்பித்த விதியை அவர் எனக்குத் திருப்பித் தந்திருந்தார். பாலைவன அரபியர் கூறினர் என்ற இடத்தில் (49:14) 'காலத்' எனப் பெண்பாலும், நகரத்துப் பெண்கள் கூறினர் என்ற இடத்தில் (12:30) 'கால' என ஆண்பாலும் வருவதை எந்த முதலாண்டு மாணவரும் அறிவார்.

அன்றிரவு சூரத்துந் நஹ்லையே மீண்டும் ஓதிப் பார்த்தேன். தேனீ வசனத்துக்கு இரண்டு வசனங்கள் முன்பு கால்நடைகளின் வயிற்றிலிருந்து வரும் பாலைப் பற்றிய வசனம் இருக்கிறது (16:66). பால் தருவது பெண் மட்டுமே. அதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆயினும் அங்கே கால்நடையைக் குறிக்கும் பிரதிப்பெயர் 'புதூனிஹீ' என ஆண்பாலில் உள்ளது. இதே கருத்து சூரத்துல் முஃமினூனில் (23:21) வரும்போது 'புதூனிஹா' எனப் பெண்பாலில் வருகிறது. சொல்லின் பாலைக் கொண்டு உயிரின் பாலை நிறுவலாம் என்றால் முதலில் இந்த இரு வசனங்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

முன்னோர் இதில் ஏமாறவில்லை. 'நஹ்ல்' என்ற சொல் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வழங்கும், ஹிஜாஸ் வழக்கில் அது பெண்பால், எனவேதான் வசனத்தில் பெண்பாலாக வந்தது என்ற விளக்கத்தை ஃபக்ருத்தீன் ராஸீ (இறப்பு ஹிஜ்ரி 606) தம் பெருவிரிவுரையில் எடுத்துரைக்கிறார். அவ்வளவுதான். தேனீயின் இயல்பை அதிலிருந்து எவரும் வருவிக்கவில்லை. வருவித்திருந்தால் தேனீக்களின் தலைவனை அவர்கள் ஓராயிரம் ஆண்டுகள் ஆணாக அழைத்திருக்க மாட்டார்கள்.

ஆம், அழைத்தார்கள். கூட்டின் பெரிய தேனீக்கு அரபியில் 'யஃஸூப்' என்று பெயர். அகராதிகள் அதைத் தேனீக்களின் அரசன், அமீர் என்றே விளக்கின. அலீ (ரலி) அவர்களுக்கு வழங்கிய சிறப்புப் பெயர்களுள் 'முஃமின்களின் யஃஸூப்' என்பதும் ஒன்று. பஸராவின் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய தம் புகழ்பெற்ற உருவகக் கதையில் மனிதர்மீது விலங்குகள் வழக்குத் தொடுக்கின்றன. அங்கே பூச்சிகளின் அரசனாக வந்து பேசுவது யஃஸூப். (அக்கதையை மௌலவி இக்ராம் அலீ உருதுவில் பெயர்த்து, 1810-இல் கல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரி வெளியிட்டது.) ராஸீயும் கூட்டில் உடல் பெரிதான ஒரு தலைவன் இருப்பதையும் மற்றவை அதற்குக் கட்டுப்படுவதையும் தேனீயின் அற்புதங்களுள் ஒன்றாகக் கூறுகிறார்.

இந்த அரசன் கிரேக்கத்திலிருந்தும் வந்தவன். அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூல்கள் 'கிதாபுல் ஹயவான்' என்ற பெயரில் அப்பாஸியர் காலத்திலேயே அரபியில் கிடைத்தன. ஜாஹிழ் (இறப்பு ஹிஜ்ரி 255) தம் ஏழு பாகக் 'கிதாபுல் ஹயவானில்' அரிஸ்டாட்டிலைத் தர்க்கத்தின் ஆசான் என்று அழைத்து எடுத்தாள்கிறார். பல இடங்களில் அவரை மறுக்கவும் செய்கிறார். தேனீயின் பால் எது என்று ஆராய்ந்த அரிஸ்டாட்டில் விசித்திரமான ஒரு முட்டுச் சந்தில் நின்றார். இயற்கை பெண்ணுக்குப் போர்க்கருவி தருவதில்லை, எனவே கொடுக்குள்ள தேனீ பெண்ணன்று. ஆண் குஞ்சுகளைப் பேணுவதில்லை, எனவே அது ஆணுமன்று. கொடுக்கே பெண்மையின் உறுப்பு என்பதை அறிந்திருந்தால் முடிச்சு உடனே அவிழ்ந்திருக்கும். ஆனால் அவ்விடத்தில் அவர் எழுதியதில் பாராட்டத்தக்க ஒன்றும் உண்டு. இதைப் பற்றிய செய்திகள் இன்னும் போதிய அளவு கிடைக்கவில்லை, கிடைக்கும் நாளில் வாதத்தைவிட நேரில் கண்டதையே நம்ப வேண்டும் என்றார்.

அந்த நாள் வர இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. ஸ்பெயினில் மெந்தெஸ் தெ தோரெஸ் 1586-இல் கூட்டின் தலைவி முட்டையிடும் பெண் என எழுதினார். இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர் 1609-இல் தேனீக் கூட்டத்தைப் பெண்ணரசு என்றே தம் நூலின் தலைப்பில் அழைத்தார். ஹாலந்தின் ஸ்வாமர்டாம் அந்நூற்றாண்டிலேயே அரசியை அறுத்து உருப்பெருக்கியில் கருவகத்தைக் கண்டார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து 1737-ஐ ஒட்டியே அது அச்சேறியது. வேலைக்காரத் தேனீயின் புழுவிலிருந்தே அரசியை வளர்க்க முடியும் என்பதை ஷிராக் 1760களில் காட்டினார். வேலைக்காரத் தேனீயும் பெண்தான் என்பது அதனால் தெளிவாயிற்று. ஜெனீவாவின் ஃப்ரான்ஸ்வா ஹூபர் பார்வை இழந்தவர். தம் பணியாளர் பியூர்னென்ஸின் கண்களால் அவர் நடத்திய ஆய்வுகள் 1792-இல் வெளிவந்தன. கருவுறாத முட்டையிலிருந்தே ஆண் தேனீ பிறக்கிறது, அதற்குத் தந்தை இல்லை என்பதைச் சிலேசியாவின் பாதிரியார் ட்ஸியெர்ஸோன் 1845-இல் அறிவித்தார். ஆண் பெண் உண்டாகும் இந்த முறை எறும்புக்கும் குளவிக்கும் பொதுவானது. சவ்வுச் சிறகுடைய இவ்வரிசை முழுவதையும் பிணைக்கும் கயிறு இதுவே.

இதில் முஸ்லிம்களின் பங்கு ஏதுமில்லையா என்று கேட்கக்கூடும். பால் ஆராய்ச்சியில் இல்லை. உற்று நோக்குவதில் நிரம்ப உண்டு. எறும்பு தான் சேமிக்கும் தானியம் முளைத்துவிடாமலிருக்க அதை இரண்டாகப் பிளக்கும், கொத்தமல்லியை மட்டும் நான்காகப் பிளக்கும், ஏனெனில் அதன் பாதியும் முளைக்கும் என்ற செய்தி அரபு விலங்கு நூல்களில் வழிவழியாக வருகிறது. எறும்பின் நோக்கம் அதுதானா என்பது இருக்கட்டும். கொத்தமல்லியின் ஒரு மணியில் இரண்டு விதைகள் உள்ளன என்பது உண்மை. நம் வீட்டுப் பெண்கள் அதைத் தேய்த்து உடைத்துத்தான் விதைக்கிறார்கள். கெய்ரோவில் தையற்காரராகத் தொடங்கி ஷாஃபியீ மத்ஹபின் பெரிய ஃபகீஹாக உயர்ந்து, நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜு'க்கு உரை எழுதிய தமீரீ (ஹிஜ்ரி 742-808), ஹிஜ்ரி 773-இல் 'ஹயாத்துல் ஹயவானை' முடித்தார். ஒவ்வோர் உயிருக்கும் சொல்லாராய்ச்சி, இயல்பு, ஹதீஸ், உண்ணலாமா கொல்லலாமா என்ற சட்டம், பழமொழி, மருத்துவம், கனவுப் பலன் என அடுக்கிச் செல்லும் நூல் அது. மஸ்கத்தில் பணிபுரிந்த இந்திய மருத்துவர் ஜயகர் அதன் பெரும்பகுதியை ஆங்கிலமாக்கி 1906-இலும் 1908-இலும் வெளியிட்டார். எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, ஸுரத் என்னும் பறவை ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. இந்நான்கில் இரண்டு நம் வரிசையைச் சேர்ந்தவை. வரலாற்றாசிரியர் மக்ரீஸீயோ தேனீக்கென்றே தனியொரு சிறுநூல் எழுதினார்.

ராஸீயிடம் இன்னொரு முறை திரும்ப வேண்டும். என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் அது. வசனம் தேனீக்களின் வயிறுகளிலிருந்து பானம் வெளிவருவதாகத் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அக்காலத்து அறிவியல் வேறு கூறியது. தேன் வானிலிருந்து பனிபோல் இறங்கி இலைகளிலும் பூக்களிலும் படிகிறது, தேனீ அதைப் பொறுக்கிச் சேர்ப்பது மட்டுமே செய்கிறது என்பது அரிஸ்டாட்டில் முதல் வந்த கருத்து. ராஸீ இரு கருத்துகளையும் எடுத்துரைத்து, இலைகளில் படியும் தரஞ்சபீன் என்ற இனிப்புப் பொருளை உவமை காட்டி, பனிக் கருத்தே அறிவுக்கும் அனுபவத்துக்கும் நெருக்கமானது என்றார். அப்படியானால் வயிறு? உடலுக்குள் இருக்கும் குழிவு எதையும் வயிறு என்று சொல்லலாம், மூளையின் உட்குழிவுகளையும் மருத்துவர் அவ்வாறே அழைக்கின்றனர், ஆகவே இங்கே வாய்கள் என்று பொருள் கொள்ளலாம் என்றார்.

இன்று நாம் அறிந்தது என்ன? தேன் வானிலிருந்து விழுவதில்லை. பூவின் மதுவைத் தேனீ உறிஞ்சி, தன் உடலில் செரிமான வயிற்றுக்கு முன்னுள்ள தேன்பையில் ஏந்தி வருகிறது. அங்கே அதன் சுரப்புகள் கலந்து சர்க்கரை மாறத் தொடங்குகிறது. கூட்டில் வாய்க்கு வாய் மாறி, சிறகால் விசிறி நீர் வற்றி, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீரோடு தேனாகிறது. வயிற்றிலிருந்து என்ற நேர்ச்சொல் அப்படியே நின்றது. அறிவியலுக்கு இசைவாக வளைக்கப்பட்ட விளக்கமே விழுந்தது.

ராஸீயைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தாம் சொல்வது ஒரு கருத்து என்பதை மறைக்காமல், மறு கருத்தையும் பக்கத்தில் வைத்தவர் அவர். அந்த நேர்மையால்தான் எட்டு நூற்றாண்டுகள் கழித்து நம்மால் அவரைத் திருத்திப் படிக்க முடிகிறது. பெண்பால் வினையைக் காட்டி அற்புதம் சொல்லும் நம் காலத்துச் சிறு நூல்களில் மறு கருத்துக்கு இடமில்லை. கல்லூரியில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் அரபு இலக்கணத்தையும் கொஞ்சம் கற்றுக்கொண்டால், என் மாணவர் எழுந்து நின்றதுபோல் அவர்களும் ஒருநாள் எழுந்து நிற்பார்கள். அன்று அவர்களின் ஐயம் எங்கள் இலக்கணப் பிழையோடு நின்றுவிடாமல் வசனத்தின் மீதே சென்று விழக்கூடும் என்பதுதான் என் கவலை. வசனம் பேசுவது வஹீயைப் பற்றி. ஒரு சிறு பூச்சிக்கு வீடும் உணவும் பாதையும் இறைவன் உணர்த்தியதைப் பற்றி. அதில் வியக்கப் போதிய அளவு இருக்கிறது.

சென்ற ஆண்டு அதே பள்ளிவாசலில் பயான் செய்யும் வாய்ப்பு வந்தது. முன்பு நான் பேசியதை நினைவூட்டி, அது பிழையான வாதம் என்று காரணங்களோடு சொன்னேன். தொழுகைக்குப் பின் முதியவர் ஒருவர் காத்திருந்தார். அன்றைய பயானை அவர் மறக்கவில்லை. "அதைத்தான் ஹஜ்ரத் என் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது அவர்களிடம் என்ன சொல்வது?" என்றார். கதாதா வாயடைத்து நின்ற கதையையும் அதற்கு அபூஹய்யான் சொன்ன பொருளையும் கூறினேன். கேட்டுவிட்டு, பெயர்கள் மறந்துவிடும், எழுதித் தாருங்கள் என்றார். கையில் வேறு தாள் இல்லை. மத்ரஸா நன்கொடை ரசீது ஒன்றின் பின்புறத்தில் இருவர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.